அந்தப் பேய்ப் படத்துப் பாட்டை உங்க தம்பி வெட்டலை, மதினி

மதினி,

நேற்று சாயங்காலம் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அப்புறம் பார்த்தால் வெறுங்காலோடு தெருவில் நிற்கிறேன், கையில் பாதி உரித்த வெங்காயம். பேத்தி பின்னாலேயே ஓடிவந்து, "பாட்டுதான் அம்மாச்சி, ஸ்பீக்கர்ல போட்டேன்" என்றாள். சீறலுக்குப் பின்னால் சின்னச் சின்ன மணிச் சத்தம், அடியில் தரையைக் குத்துவதுபோல மேளம், குசுகுசுவென்று ஒரு குரல். வாசலில் நின்றபடியே தெரிந்துவிட்டது. நம்ம பாட்டு.

நீங்க இடுப்பில் தூக்கிச் சுமந்த பேத்திதான். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், லீவு நாளில் ஒரு குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். மேடையில் அவள் வாசித்ததை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பாட்டு வந்த பேய்ப் படம் இத்தாலிக்காரர்கள் எடுத்ததாம். ஒரு ராக் குழுவைக் கூட்டிவந்து இசை போட வைத்தார்களாம். புராக்ரசிவ் ராக் என்று பேராம். "தாளம் நாலு நாலா வராது அம்மாச்சி, ஏழேழா வரும். அதான் கேக்கிறவங்களுக்கு நிலைகொள்ளாது" என்றாள்.

நிலைகொள்ளாமல் போனது ஊருக்கே தெரியும். தீபாவளி முடிந்து நம்ம பட்டாசுக் கம்பெனி அடைத்திருந்த நாள். விருதுநகர் தியேட்டரில் உங்க தம்பிதான் ஆபரேட்டர் என்று, மருந்து ரூம் பெண்கள் அத்தனை பேரும் காலைக் காட்சிக்குப் போனோம். பேய்க்கு யாரும் பயப்படவில்லை. "இத விட எங்க போர்மேன் மூஞ்சி பயங்கரம்" என்று ஒருத்தி சொல்ல, கொல்லென்று சிரித்தோம். அப்போதுதான் அந்தச் சீறல் வந்தது. மருந்து ரூமில் நமக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதானே: சீறல் கேட்டால் ஏன் என்று கேட்காதே, வாசலுக்கு ஓடு. செருப்பை எல்லாம் நாற்காலிக்கடியில் போட்டுவிட்டு ஒரே ஓட்டம். பெஞ்சில் இருந்த ஆம்பிளைகளும் ஓடினார்கள்.

நீங்க மட்டும் ஓடவில்லை. "திரி தாளம் போட்டா சீறும்? கூறுகெட்டவளுக" என்று பிறகு திட்டினீக. பாட்டு ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றதாம். லைட் எரிந்ததாம். மறுபடி படத்தை ஓட்டினபோது அந்தப் பாட்டு வரவேயில்லை. நேரே மிஷின் ரூமுக்கு ஏறிப்போய், "கூட்டம் ஓடுதுன்னு பாட்டை வெட்டிட்டயாலே?" என்று கேட்டீக.

"பாட்டு தானா நின்னுச்சுக்கா. பெறகுதான் மிஷின நிறுத்துனேன்."

யாரும் நம்பவில்லை. நேரம் இழுத்தால் ஆபரேட்டர்மார் ரீலை வெட்டுவது ஊரறிந்த விஷயம். கட்டின பெண்டாட்டி நானும் நம்பவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் சீர் கொண்டுவரும்போது, "பாட்ட வெட்டுனவன் கரும்ப மட்டும் முழுசாக் கொண்டாந்திருக்கான்" என்பீக. எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார், பாதிச் சிரிப்பு. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவரிடமும், "முடிவ எங்கலே ஒளிச்சு வச்ச? இப்பவாச்சும் சொல்லேன்" என்றீக. உங்களுக்கு அது விளையாட்டு. அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை. சாகப்போகிற அக்கா முன்னால் பொய்யனாகவே நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

நேற்று பேத்தியை முதலிலிருந்து போடச் சொன்னேன். அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மணி வந்தது, மேளம் வந்தது, ஏறிக்கொண்டே போனது. சட்டென்று ஒன்றுமில்லை.

"ஏன்டி நிறுத்துன?" என்றேன்.

"நான் தொடலயே. அம்புட்டுத்தான் பாட்டு. முடிவே அப்படித்தான்."

அவர் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அக்கா இருந்தா இதுக்கும் ஒண்ணு சொல்லியிருப்பா" என்றார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். குக்கர் சீறினாலும் என் கால் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறது, அது போகாது. நேற்று இரண்டாம் தடவை அந்தச் சீறல் வந்தபோதும் கால் எழுந்தது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். உங்களை மாதிரி, கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன் மதினி.