0.29 என்று எழுதியவன்

நாள் 212 | 07:10
சனியின் நிலவு டைட்டன், தென்நிலையம். பதிவு: தணிகாசலம், வண்டிப் பொறியாளர். நிலையத்தில் இருக்கும் இன்னொருவர், மண் ஆய்வாளர் ரெஜினா, மீத்தேன் ஏரிக்கரைக்கு மாதிரி எடுக்க வண்டியில் கிளம்பினார். தூரம் 140 கி.மீ. வேகம் 40. முழு சார்ஜ், கணக்குப்படி 310 கி.மீ. ஓடும். வெளியே மைனஸ் 179 டிகிரி. எல்லாம் சீர்.

10:40
ஏரிக்கரை சேர்ந்தார். சார்ஜ் 44 சதவீதம். 55 இருந்திருக்க வேண்டும்.
"அண்ணே, வண்டி ரொம்ப சார்ஜ் குடிக்குதே. ஏதாவது தெரியுதா?"
"எதிர்க்காத்தும்மா. திரும்பும்போது சரியாயிடும்."
எதிர்க்காற்று இல்லை. காற்றுமானி என் கண்ணெதிரேதான் இருக்கிறது.

11:05
திரும்பக் கிளம்பிவிட்டார். அதே 40.

இதை வாசிப்பவருக்கு: இந்த வண்டியின் காற்றுத்தடை எண் 0.29 என்று அறிக்கை கொடுத்தவன் நான்; எண் குறையக் குறைய சார்ஜ் மிச்சம். பூமியில், காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது ஆன்டெனா, ஏணி, கூரைப்பெட்டி எதையும் மாட்டவில்லை. மாட்டிவிட்டு மறுபடி அளந்தேன். 0.46. அதற்குள் 0.29-க்குப் பாராட்டு வாங்கியாகிவிட்டது. தெருவில் மெதுவாக ஓடும் காருக்கு இது ஒரு விஷயமே இல்லை, டயர் உராய்வுதான் பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கே எடை ஏழில் ஒரு பங்கு. காற்றோ பூமியைவிட நாலு மடங்கு கனம். சார்ஜில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளவே போகிறது. அது தெரிந்தும் 0.46 என்ற இரண்டாவது தாளை அறிக்கையில் இணைக்கவில்லை.

வேகம் குறைந்தால் தடை மளமளவென்று இறங்கும். இப்போதே 25-க்கு வரச் சொன்னால் மட்டுமட்டாக வந்து சேர்ந்துவிடுவாள். ஆனால் ஏன் என்று கேட்பாள்.

12:35
மைக்கை மூன்று முறை எடுத்தேன், வைத்தேன். அவளே கூப்பிட்டாள்.
"18 சதவீதம். இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கு. உண்மையச் சொல்லுங்கண்ணே."
சொன்னேன். எல்லாவற்றையும்.
"ஏரிக்கரையில நான் கேட்டப்பவே தெரியுமா?"
"தெரியும்."
"சரி. எந்த வேகத்துல வரணும்?"
"25."
"அப்பவும் பத்தாதுல்ல?"
"இருபது கிலோமீட்டர் குறையும்மா."
அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

15:00
வண்டி நின்றுவிட்டது. சார்ஜை மிச்சம் பிடிக்க உள்ளே இருந்த சூட்டை அவள் முன்பே அணைத்துவிட்டிருந்தாள். வேறு வண்டி கிடையாது. வெளியுடையின் சூடு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குள் நடந்தால் மூன்று கிலோமீட்டர்தான் வரலாம்; நிலையத்துக்கு இருபது.
"நான் நடந்து வர்றேன்" என்றேன்.
"வந்து? வழியில நீங்களும் விழுந்தா வடநிலையத்துக்கு யாரு சொல்றது? அவங்ககிட்டயும் இதே வண்டிதானே?"
அது எனக்குத் தோன்றவே இல்லை. நாலு மணி நேரமாக என் மானத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
"உங்க பேரப் போட்டு அனுப்புங்க. அப்பத்தான் நம்புவாங்க." அவள் பற்கள் கிடுகிடுப்பது கேட்டது. "சீக்கிரம் அண்ணே. என்கிட்ட பேசிட்டு இருக்காதீங்க."

15:50
முதலில் "அளவீட்டுப் பிழை" என்று எழுதினேன். அழித்தேன். "சில விவரங்கள் விடுபட்டன" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். "நான் மறைத்தேன்." இந்த இரண்டு சொல்லுக்கு நாற்பது நிமிடம். அனுப்பிவிட்டேன்.
அனுப்பிவிட்டதைச் சொல்ல ரெஜினாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும்.

16:05
வடநிலையத்திலிருந்து: "எங்கள் வண்டி வெளியே இருக்கிறது. மூன்று பேர். சார்ஜ் 31. தூரம் 100. நாற்பது நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால் அப்போதே வேகத்தைக் குறைத்திருப்போம். எந்த வேகத்தில் வரச் சொல்வது?"
கணக்குப் போட்டேன். மூன்று முறை. 22. அனுப்பினேன்.

16:11
"22 என்று சொல்லிவிட்டோம். இந்த எண்ணையாவது நம்பலாமா?"

16:40
இன்னும் பதில் போடவில்லை. எண் சரிதான். நாலாவது தடவையும் பார்த்துவிட்டேன். சரிதான். ரெஜினா, கேட்கிறதாம்மா, அனுப்பிவிட்டேன், என் பெயர் போட்டே அனுப்பிவிட்டேன்.

16:52
"நம்பலாம்" என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று பேரில் ஒருவனாக நான் இருந்தால் நம்பமாட்டேன்.