எதிர்ப்பக்கத்து வரி

ஏங்க,

“ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் குடுத்தா வரி ஏம்மா குறையுது?” என்று நம் மகள் ஒருநாள் கேட்டாள். ஊர் எல்லை நடுரோட்டில் போகிறது, அந்தப் பக்கத்து ஊரில் வரி குறைவு என்றேன். அவளுக்குப் புரிந்தது. உங்களுக்குத்தான் புரியவில்லை. எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பிய சரக்குக்கெல்லாம் நம் பக்கத்து வரியையே போட்டிருக்கிறீர்கள். “எல்லாருக்கும் ஒரே வரின்னா தலைவலி இல்லடி” என்றீர்களே, இப்போது கணக்கு தப்பென்று நோட்டீஸ் வந்து கடை உரிமமே ஆட்டம் காண்கிறது. கடவுளை வேண்டிக்கொண்டு, தப்பை ஒப்புக்கொள்ள வரி அலுவலகம் போகிறேன்.

சோறு அடுப்பில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். சாவி ஆணியில்.

மறந்துவிட்டேன்: எதிர்ப்பக்கத்துத் தையல்கார அக்காவிடம் நாம் கூடுதலாக வாங்கிய வரிப் பணத்தை, என் கைக்காசிலிருந்து உறையில் போட்டு அவர் வீட்டுக் கதவடியில் தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. உறைமேல், கொடுத்தவர் என்று உங்கள் பெயரைத்தான் எழுதினேன்.