நீ தரையிறங்காத காலை

உன் மழைக்கோட்டு போன வாரம் என்னிடம் வந்து சேர்ந்தது. உன் மனைவி போடியிலிருந்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பையைப் பிரித்ததும் பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாசம் கூடத்தில் பரவியது. தங்கை மகள் உள்ளேயிருந்து வந்து, "என்ன மாமா, பெட்ரோல் சிந்திருச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? இந்த அனுமந்தன்பட்டியில் அது உன் விமானத்தின் வாசம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீ போய் நாற்பது நாளாகிவிட்டது.

வடகிழக்கில், மூன்று பக்கமும் மலை அடைத்த அந்தச் சின்ன விமான நிலையத்தில் நான் ரேடியோ ஆபரேட்டர். நீ கல்கத்தாவிலிருந்து வாரம் இரண்டு தடவை டகோட்டா விமானத்தை ஓட்டிக்கொண்டு இருபது பயணிகளோடு வருவாய். அங்கே ராடார் கிடையாது. எந்த மலை தெரிகிறது, மேகம் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து நான் சொல்ல வேண்டும். அதை நம்பி நீ இறங்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒருவருக்கொருவர் வெறும் குரலாகத்தான் இருந்தோம். ஒருநாள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, "நீங்க கம்பம் பக்கமா?" என்று கேட்டாய்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க பேசுற இங்கிலீஷ்ல எங்க பெரியப்பா குரல் கேக்குது."

போடி பஜாரில் உங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய்க் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நாங்கள் நெல் விதைக்கிறவர்கள். அவ்வளவு தூரத்தில் அந்த வித்தியாசமெல்லாம் எங்கே நின்றது? மூன்றாம் மாதம் நீ என்னை "ஏலே" என்று கூப்பிட்டாய். அந்த மலைக்காட்டில் என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை.

ஓர் ஆடி மாதம், அய்யா சாகக்கிடக்கிறார் என்று தந்தி வந்தது. மறுநாள் காலை உன் விமானம். அதில் ஏறிவிட்டால் கல்கத்தா, மதராஸ், மதுரை என்று மாறி மாறிப் பறந்து இரண்டாம் நாள் வீடு போய்விடலாம். எனக்குப் பதிலாக உட்கார ஆள் தயாராக இருந்தான். உன்னிடம் அவனைப் பேசவிட மனமில்லாமல், பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு நானே மைக்கைப் பிடித்தேன்.

நீ தலைக்கு மேல் வந்தபோது ஓடுதளத்துக்கு நேர் மேலே மட்டும் மேகம் விலகியிருந்தது. உன் குரலில் சந்தோஷம். "ரன்வே தெரியுதுலே. எறங்கிருவேன். பெட்டியோட நில்லு."

நான் வெளியே ஓடிப் பார்த்தேன். ஆறு வெளியேறுகிற மலை இடுக்கு வழியாகத்தான் நீ தாழ்ந்து வர முடியும். அந்த இடுக்கே இல்லை, மலையும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. மேலிருந்து உனக்கு அது தெரியாது. இடுக்கு தெரிகிறது என்று நான் சொன்னால் நீ வந்துவிடுவாய். திரும்பி வந்து மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

"வேணாம். ஆடியில நம்மூரு மேகமலை மூடுமே, அப்படி மூடிக் கெடக்கு. எறங்காத."

"ஒங்கய்யா?"

"திரும்பிப் போலே."

இரண்டு வட்டம் அடித்தாய். பிறகு எஞ்சின் சத்தம் தெற்கே போய்த் தேய்ந்தது. அது முழுக்க அடங்கும்வரை கதவோரம் நின்றிருந்தேன்.

மழை ஆறு நாள் விடவில்லை. மண் சரிந்து சாலையும் போயிற்று. ஒன்பதாம் நாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ வந்துபோன கதையை அம்மாதான் சொன்னாள். கல்கத்தாவில் இறங்கியதும் லீவு போட்டுவிட்டு, நான் போகவேண்டிய வழியிலேயே நீ போயிருந்தாய். பார்வை மங்கிக் கிடந்த அய்யா, உன் கையைப் பிடித்து, "வந்துட்டியாப்பா?" என்றாராம். "வந்துட்டேன்யா" என்றாயாம். அன்று சாயங்காலம் அவர் உயிர் பிரிந்தது. நீ பாடைக்குத் தோள் கொடுத்திருக்கிறாய்.

அதற்கெல்லாம் அம்மா உன்னைக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால், "எம்மகன் ஏன் வரல?" என்று அவள் கேட்டபோது, "நான்தான் எறங்கப் பயந்துட்டேன் ஆத்தா" என்று சொல்லியிருக்கிறாய். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பயந்தாங்கொள்ளி எறங்கியிருந்தா, அவுக கடைசியாப் பாத்த மொகம் ஒன் மொகமா இருந்திருக்கும்" என்று என்னிடம் அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னைக் கேட்டேன். "அவுகளுக்கு யாரு மேலயாச்சும் கோவப்படணும்ல. ஒம்மேல வேணாம்னு நெனச்சேன். கொஞ்ச நாள் போகட்டும், நீயே பக்குவமாச் சொல்லிரு" என்றாய். கொஞ்ச நாள், கொஞ்ச நாள் என்று வருஷங்கள் போயின. மூன்று வருஷத்துக்கு முன் அம்மா போனாள். அதுவரை உன் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

கோட்டு வந்த மறுநாள் போடிக்குப் பஸ் ஏறினேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணே. அப்பவே சொன்னாக. நீங்க தடுக்கலைன்னா இருபது பேரையும் கொண்டுபோய் மலையில மோதியிருப்பேன்னாக."

"என் மேல வருத்தமே இல்லையாம்மா அவனுக்கு?"

சேலைத் தலைப்பைத் திருகியபடி யோசித்தார். "ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தாகள்ல, அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், 'பசிக்குது, ஏதாச்சும் இருந்தாப் போடு'ன்னாக. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து பசிக்குதாக்கும்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லல."

எனக்குத் தெரியும். அன்று அந்தப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவன் நான். அம்மா ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். உன்னிடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள். நீ சோற்றில் கை வைக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்தாய். அம்மா எனக்கு இரண்டு எட்டு தூரத்தில்தான் நின்றாள். போய்ச் சொல்லியிருக்கலாம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

அந்த இரண்டு எட்டை இன்னும் நான் வைக்கவில்லை. இனி வைத்தாலும், அங்கே அம்மா இல்லை. நீயும் இல்லை.