தம்பி மரைக்காரான நாள்

வெள்ளிக்கிழமை, இரவு.

ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் தாய்வழிக் குடிக்குத் தம்பியை மரைக்காராகத் தெரிவு செய்தார்கள்; இனிப் பள்ளிவாசலில் குடிக்காக நின்று வழக்குத் தீர்ப்பவன் அவன். போர்த்திய சால்வையோடு நேரே என் குசினிக்கு வந்தான். முகத்தில் சந்தோசமே இல்லை.

"முதல் வழக்கே நம்மட மாமாட மதில்தான், ராத்தா. கடலுக்குப் போற ஒழுங்கைய மறிச்சிக் கட்டிட்டார். தோணிக்காரங்க பள்ளியில முறையிட்டிருக்காங்க."

"உடைக்கச் சொல்லு."

"மாமா கோவிப்பாரே."

"ஓம், கோவிப்பார். நான் போய்க் கதைக்கன்."

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா முகம் கொடுக்கவில்லை. "அவன மரைக்காராக்கினது என்ட மதில உடைக்கவா?" என்றார். தேத்தண்ணி கொண்டுவந்த மாமி நின்றார். "இந்த வீடு வளவு எனக்கு உம்மா தந்தது. மதில் உடையட்டும்" என்றார், சத்தமே போடாமல். மாமா தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

தம்பியிடம் சொன்னேன். சால்வையைக் கழற்றி மடித்தான்.

எங்கள் ஊரில் வீடும் பெண் வழி, குடியும் பெண் வழி; மரைக்கார் மட்டும் ஆண். மரைக்கார்மாரின் பெயர்களை ஊரே சொல்லும். அவர்களுக்காகக் கதைக்க எந்தெந்தப் பெண்கள் எந்தெந்த வாசலில் போய் நின்றார்களோ. கண்ணை மூடினால் முக்காட்டோடு பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.