இடக்கைக்காரி

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போன் இருக்கும்போது இது என்ன கிறுக்கு என்று சிரிப்பாய். பயிற்சி முகாமில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடைக்கூடத்தில் வரிசையாக நின்று பேசலாம். பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது எனக்கு "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும்.

நல்லாத்தான் இருக்கிறேன். அறையில் மூன்று கட்டில். ஜன்னல் கம்பியில் எப்போதும் யாருடைய கைக்கட்டுத் துணியாவது காய்ந்துகொண்டிருக்கும். பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தால் ஈரக் கையுறை நாற்றம். முதல் நாள் குமட்டியது, இப்போது பசிக்கிறது.

சாம்பியனைப் பார்த்தேன். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கோச்சும்கூட. டிவியில் பார்த்தவள் என் பக்கத்தில் நின்று கயிறு தாண்டிவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். அவளையும் நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அவளும் நானும் ஒரே எடைப் பிரிவு. உயரமும் ஒன்றுதான். "தலைக்கவசம் மாட்டிட்டா எது யாருன்னே தெரியலை" என்று சமையல்கார அம்மா சொன்னார். மார்ச்சில் தேர்வுக் குத்துச்சண்டை நடக்கும். எங்கள் எடையில் ஜெயிக்கிற ஒருத்தி மட்டும் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குப் போவாள். அந்த ஒருத்தியாக வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன் பாப்பா


ஜூன் 27

என் பாப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. தையல் கடையில் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். மூக்கைச் சிந்தின இடத்தை மட்டும் விட்டுட்டேன், சாம்பியன் மானம் போகக் கூடாதில்ல.

அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசலை. "நம்ம வீட்டுல முதல்முதலா பட்டம் வாங்கினவ, ஆபீஸ்ல உக்காராம அடி வாங்கப் போயிருக்கா" என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டுறாங்க. அடி வாங்க இல்லை, கொடுக்கப் போயிருக்கா என்று நான் சொன்னேன். உன்னை அனுப்பச் சொல்லிச் சண்டை போட்டவ நான். என் மூக்கை உடைச்சிராதே.

நீ போனதிலிருந்து மாடியில் தலையணைக்கு ஓய்வு. அதைப் பிடிச்சுக்கிட்டு உன் எதிரே நின்னு நின்னு என் தோள் வலிச்ச வலி எனக்குத்தான் தெரியும். சலவைக்குப் போட எடுத்தா நடுவில் ஒரு பள்ளம். அப்படியே வச்சுட்டேன்.

ஒண்ணு சொல்றேன். குத்துறதுக்கு முன்னாடி உன் இடது கை கொஞ்சம் தாழுது. அதைப் பார்த்துக்கோ. இடது காலை முன்னால் வச்சு, தலையைச் சாய்ச்சு, ஏதோ சங்கதி கேட்கிறவ மாதிரி நிற்பியே, எத்தனை கூட்டத்திலும் அதை வச்சு உன்னைக் கண்டுபிடிச்சிருவேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஒரு விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

வெளிநாட்டில் ஒரு வீராங்கனை இருக்கிறாள். இடக்கைக்காரி. வலது காலை முன்னால் வைத்து நிற்பாள், கடைசி அடி இடது கையிலிருந்து வரும். சாம்பியன் அவளிடம் இரண்டு தடவை தோற்றிருக்கிறாள். ஒலிம்பிக்கில் பதக்கம் வேண்டுமென்றால் அவளைத் தாண்டியாக வேண்டும். கோச் என்னைக் கூப்பிட்டு, சுவரில் அவளுடைய சண்டை வீடியோக்களை ஓடவிட்டார்.

"நீ அதிகம் பேச மாட்டே, ஆனா நல்லா கவனிக்கிற பொண்ணு. இவளை அப்படியே காப்பி அடி" என்றார்.

பரீட்சையில் ஒரு தடவைகூடக் காப்பி அடிக்காதவள் நான். இப்போது கால் மாற்றி, கை மாற்றி, தினமும் அவளாக நின்று சாம்பியனிடம் அடி வாங்குகிறேன். அவள் மூச்சு விடுவது, பின்வாங்கும்போது குதிகாலைத் தூக்குவது எல்லாம் எனக்கு வந்துவிட்டது. நேற்று தெரியாத்தனமாக என் பழைய அடி ஒன்று விழுந்துவிட்டது, சாம்பியனின் விலாவில். கோச் விசில் ஊதினார். "அவ இப்படி அடிக்க மாட்டா. நீயும் அடிக்காதே" என்றார்.

இங்கே என் பெயர் இப்போது இடக்கைக்காரி. சமையல்கார அம்மாகூட, "கரண்டியை எந்தக் கையில குடுக்கட்டும்?" என்று கேட்கிறார். நானும் சிரிக்கிறேன்.

மார்ச் தேர்வு எனக்கும் உண்டு என்று கோச் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன் பாப்பா


செப்டம்பர் 11

என் பாப்பாவுக்கு,

ரெண்டு கையும் பழகினா நல்லதுதானே? சாம்பியனுக்கே எதிரே நிற்க உன்னைத்தானே கூப்பிட்டாங்க. கடைக்கார முதலாளி, "அப்போ நம்ம பொண்ணு சாம்பியனையே தினம் அடிக்குதுன்னு சொல்லு" என்றார். நான் ஆமாம்னு சொல்லிட்டேன். அம்மாகூட அதைக் கேட்டு, "கையில காயம் ஒண்ணும் இல்லையே?" என்று மெதுவா விசாரிச்சாங்க. அது எவ்வளவு பெரிய விஷயம் பாரு.

ஆனா உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம்னா வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லத் தெரியாதவ நீ. சொல்லிப் பழகு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வாயைத் திறந்து கேட்டேன். தேர்வுக்கு முன்னால் இரண்டு வாரமாவது என் காலில் நின்று பழக விடுங்கள் என்று. கோச் கைக்கட்டைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"இப்ப நீ மாறினா சாம்பியனோட தயாரிப்பு கெட்டுப் போகும்."

"தேர்வுல நானும் இருக்கேனே சார்."

"இருக்கேதான். யார் இல்லைன்னது? அன்னைக்கு உன் இஷ்டம் போல அடி."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. நான் ஜெயிக்கக்கூடும் என்று நினைத்திருந்தால் கோபப்பட்டிருப்பார்.

நேற்று துணி துவைக்கும் இடத்தில் தனியாக இடது காலை முன்னால் வைத்து நின்று பார்த்தேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டது போல் இருந்தது. இருந்தாலும் மேடையில் வந்துவிடும். ஏழு வருஷம் நின்ற நிலை எங்கே போய்விடும்?

தேர்வைப் பார்க்க வருவதாக நீ போனில் சொன்னது பெரிய தைரியம். எனக்குச் சிவப்பு உடையா, நீல உடையா என்பதை அன்று காலையில்தான் சொல்வார்கள். உனக்கு அது தேவைப்படாது.

உன் பாப்பா


மார்ச் 19

என் பாப்பாவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். உன்னைப் பார்க்காமல் கிளம்பினதுக்குத் தப்பா நினைக்காதே. பஸ்ஸை விட்டா ராத்திரி தங்க இடம் இல்லை.

எனக்குக் கிடைச்ச இடம் ரொம்பத் தூரம். கண்ணாடியும் மறந்துட்டேன். ஒண்ணும் சரியாத் தெரியலை. ஆனா கத்தினேன் பாரு, தொண்டை இன்னும் கட்டியிருக்கு. நான் கத்தினது உனக்குக் கேட்டதா?

தோத்தா என்ன, சாம்பியன்கிட்டதானே தோத்தே. அம்மா குமாஸ்தா பரீட்சை விண்ணப்பத்தை உன் மேஜையில் வச்சிருக்காங்க. நான் அதை எடுத்து உள்ளே வச்சுட்டேன். நீ அங்கேயே இரு. அடுத்த தடவை இருக்கு.

உன் அக்கா


ஏப்ரல் 22

பாப்பா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் போன் வரலை. என் மேல ஏதாவது வருத்தமா? இருந்தா திட்டியாவது எழுது. இந்த மௌனம்தான் எனக்கு ஆகலை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டது.

மணி அடித்ததும் இடது காலைத்தான் முன்னால் வைத்தேன். முதல் குத்து வந்ததும் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. குனிந்து பார்த்தால் வலது கால் முன்னால் நிற்கிறது. அவ்வளவு சத்தத்திலும் உன் குரல் தனியாகக் கேட்டது. "பாப்பா, இடது கையை நீட்டு, இடது கை தாழுது பாரு" என்று. என் இடது கை பின்னால், தாடையோடு ஒட்டி இருந்தது. நீட்டிக்கொண்டிருந்தது சாம்பியனின் கை. அவள் ஒரு குத்து சரியாகப் போட்டதும், "அப்படித்தான்டி என் தங்கம்" என்றாய். அது என் நெற்றியில் விழுந்த குத்து.

முதல் சுற்று முழுக்க அவளுக்குத்தான் கத்தினாய். உன் மேல் என்ன தப்பு? நான் நிற்பது போல நின்றவள் அவள்தான்.

இரண்டாவது சுற்றில் எனக்கு ஜெயிக்கிற எண்ணமே இல்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சண்டை நடுவே கால் மாற்றினேன். கால் மாறும்போது ஒரு நொடி இரண்டு பாதமும் ஒன்றாக நிற்கும். அந்த நொடியில் எதிராளியை அடிக்க வேண்டும் என்று சாம்பியனுக்குப் பழக்கிவிட்டதே நான்தான். நான் விழுந்து, நடுவர் எண்ணும்போது உன் குரலைத் தேடினேன். நின்றுபோயிருந்தது. அப்போதுதான் உனக்குத் தெரிந்தது, இல்லையா? கண்ணாடியை மறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கண்ணாடி கிடையாது அக்கா.

உடை மாற்றும் அறையில் சாம்பியன் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நீ உன் மாதிரி நின்னிருந்தா நான் திணறியிருப்பேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. நானும் "தேங்க்ஸ் அக்கா" என்றேன்.

இன்னொன்றும் கேள். போன மாதம் தகுதிச் சுற்று நடந்தது. சாம்பியன் ஒலிம்பிக்குக்குப் போகிறாள். அந்த வெளிநாட்டு இடக்கைக்காரி போகவில்லை. முதல் சண்டையிலேயே யாரிடமோ தோற்றுவிட்டாள். கோச் கூடத்தில் நின்று இதைச் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது, இனி என்னால் யாருக்கும் பயன் இல்லை.

இப்போது அவர்கள் பயப்படுவது ஒரு உயரமான வலக்கைக்காரிக்கு. அதற்கென்று உயரமான பெண் ஒருத்தி வந்துவிட்டாள். இருபது வயதுகூட இருக்காது, டிவியில் பார்த்தவளைப் பக்கத்தில் பார்க்கிற அதே முழி. கோச் அவளை "நெட்டை" என்று கூப்பிட்டார். அவள் சிரித்தாள். என் கட்டில் அவளுக்கு வேண்டுமாம். "உன்னை மறக்க மாட்டோம்" என்று கோச் என் தோளில் தட்டினார். பெயர் சொல்லித் தட்டுவார் என்று பார்த்தேன், அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பையைக் கட்டிவிட்டேன். குமாஸ்தா பரீட்சை விண்ணப்பத்தை எடுத்து வெளியே வை. அம்மா சொன்னது சரி என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன். கடையில் எல்லாரும் கேட்பார்கள். உன் மூக்கை உடைத்துவிட்டேன், அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இத்தனை பக்கம் எழுதியதே அதைக் கேட்கத்தான்.

சனிக்கிழமை வருவேன். பஸ் நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். நீ மாடியில் அந்தத் தலையணையைப் பிடித்துக்கொண்டு நில். நான் குத்த மாட்டேன். சும்மா வந்து உன் எதிரே நிற்கிறேன். எந்தக் கால் முன்னால் வருகிறது என்று நான் குனிந்து பார்க்க மாட்டேன், நீ பார். பார்த்துவிட்டு, நான்தானா என்று சொல். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லிவிடு.

உன் தங்கை