மூத்தாரின் கூடாரத்தைத் தாண்டி

ஜூன் 28, சனி

துர்சுனை அக்கா இன்று ஒருவழியாக வாயைத் திறந்தாள். ஏழு கோடைகாலமாக அவளுடைய மலையேற்றக் குழுக்களுக்குப் பின்னால் சட்டி பானையோடு அலைகிறேன். இந்த வருஷம் என்னை வழிகாட்டியாகப் போட்டுப் பார்க்கிறாளாம். ஆய்-கொல் ஏரி, அதற்கும் மேலே டெகே சிகரம், ஒரே நாளில் ஏறி இறங்கிவிட வேண்டும். விருந்தாளிகள் மூன்று பேர், செக் நாட்டுக்காரர்கள். நாள் ஜூலை பன்னிரண்டு.

"நானும் கூட வருவேன், ஆனா ஒண்ணும் பேச மாட்டேன். எல்லாம் நீதான். சரியா முடிச்சேன்னா இந்த சீசன் பூரா உனக்கு. முடியலேன்னா பழையபடி அடுப்புக்குப் போ, மனசுல வச்சுக்காதே" என்றாள்.

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பதாம்? மற்றவர்கள் சிகரம் பார்த்துவிட்டு வருவதற்குள் கேரட் நறுக்கி நறுக்கி என் ஆயுசில் பாதி போய்விட்டது.

வீட்டில் குபாட்டிடம் சொன்னேன். என் கணவர் கேட்ட முதல் கேள்வி: "நடந்தா? குதிரைதான் இருக்கே?" இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் இதேதான். நடப்பது என்றாலே குதிரை செத்துப்போச்சா என்று துக்கம் விசாரிக்கிற ஜனங்கள்.

ஜூன் 29, ஞாயிறு

திட்டம் போட உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல் சிகரத்தில் இடி இறங்கும், அதனால் அதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இருட்டோடு கிளம்பி, வனத்துறை வாசல், தேவதாருக் காடு, நடு மேய்ச்சல்வெளி, பிறகு பாறைச் சரிவு, ஏரி, முகடு. காலுக்குப் பயமில்லை. மூச்சுக்குப் பயமில்லை. பாறைச் சரிவைக்கூடச் சமாளித்துவிடுவேன்.

பயமெல்லாம் நடு மேய்ச்சல்வெளிதான்.

அங்கே பாதையின் மேலேயே என் மூத்தார் கம்பளிக் கூடாரம் போட்டிருக்கிறார். குபாட்டின் அண்ணன். பேரைச் சொல்லக் கூடாது. புருஷனின் அண்ணன் பேர் வீட்டு மருமகள் வாயில் வரக் கூடாது. இங்கே எழுதக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் அவர். அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே போகத்தான் வேண்டும். உள்ளே போனவர்கள் சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது. "சும்மா ஒரு வாய்" என்பார். அந்த ஒரு வாய் தேநீரில் ஆரம்பித்து, குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால், பொரித்த ரொட்டி, பாலாடை என்று போய், கறியில் முடிவதற்குள் சூரியன் மேற்கே சாய்ந்துவிடும்.

ஜூலை 2, புதன்

ஒத்திகைக்குத் தனியாகப் போனேன். விடியலில் அவர் தூங்குவார், பூனை மாதிரி நழுவிவிடலாம் என்று கணக்கு. நாய் விட்டால்தானே. அது குரைக்கவில்லை, என்னைத் தெரிந்துகொண்டு வாலாட்டிக் கத்திக் கூப்பாடு போட்டது.

"யாரு, நம்ம சாய்கல்தானா? தனியாவா வந்தே? வா வா, சும்மா ஒரு வாய்."

"பெரியத்தான், ஏரி வரைக்கும் போகணும், நேரமாகுது."

"ஏரி எங்கயும் ஓடிடாது."

என் ஓரகத்தி அதற்குள் துணி விரித்து ரொட்டியைப் பிட்டுப் போட்டுவிட்டாள். மூன்றாவது கிண்ணம் குமிஸைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர்கள் குமிஸின் புளிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது சிகரத்தின் மேல் மேகம் கட்டியாயிற்று. அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஜூலை 3, வியாழன்

ஏப்பம் விட்டால் இன்னும் குமிஸ்.

ஜூலை 5, சனி

இரண்டு நாளாகக் கெஞ்சி, குபாட்டை அண்ணனுக்கு போன் போடவைத்தேன். நான் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: அன்றைக்கு எங்களை நிறுத்த வேண்டாம். அவ்வளவுதான். இந்த மனுஷன் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? மாடு கன்னெல்லாம் எப்படி? அண்ணி முட்டிவலி எப்படியிருக்கு? உங்க முட்டிவலி? ... ஆமாண்ணே, பன்னெண்டாம் தேதி சாய்கல் வெளிநாட்டு விருந்தாளிகளோட அந்தப் பக்கம் வருவா. நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம். ஆடெல்லாம் வெட்ட வேணாம்ணே."

ஆடெல்லாம் வெட்ட வேண்டாம். எங்கள் ஊரில் மூத்தவரிடம் போய் ஆடு வெட்ட வேண்டாம் என்று சொன்னால் என்ன அர்த்தம்? என் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது, வாயைப் பொத்தவும் முடியவில்லை.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"வெட்டறாராம்" என்றார் குபாட், பெருமையோடு.

ஜூலை 6, ஞாயிறு

கறுப்புத் தலை ஆட்டை ஒதுக்கி வைத்தாயிற்றாம். செக் நாட்டில் விருந்துக்கு ஆட்டுத்தலையை மரியாதையாக யாருக்குக் கொடுப்பார்கள், வயதில் மூத்தவருக்கா என்று கேட்டு ஓரகத்தி செய்தி அனுப்பியிருக்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆற்றின் அந்தக் கரை வழியாகப் போக முடியுமா என்று பார்த்தேன். மரப்பாலத்தை வெள்ளம் எப்போதோ கொண்டுபோயிருக்கிறது. இடுப்பளவு பனித்தண்ணீரில் இறங்கி, கால் மரத்து, வழுக்கி விழுந்து, திரும்பினேன். விருந்தாளிகளை இதில் இறக்கினால் வழிகாட்டி வேலை இல்லை, ஜெயில்தான்.

துர்சுனை அக்கா வழியில் பார்த்து, "ஏற்பாடெல்லாம் எப்படி?" என்றாள்.

"எல்லாம் தயார்க்கா" என்றேன், பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டே.

ஜூலை 10, வியாழன்

நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? தெரியவில்லை.

அவர் கூடாரத்துக்கு வெளியே சேணம் தைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது நிச்சயம் வந்து சாப்பிடுகிறோம், போகும்போது மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். ஊசி நின்றுவிட்டது.

"என் வாசலைத் தாண்டிப் போயிட்டு, திரும்பி வரும்போது சாப்பிடறவன் விருந்தாளி இல்லம்மா. மிச்சம் மீதிக்கு வந்தவன். அப்படி ஒருத்தனை நான் உட்கார வைக்கணுமா? எங்கப்பா காலத்துலயும் இந்த வாசலை யாரும் வெறும் வயித்தோட தாண்டினதில்ல."

"அவங்க உச்சிக்குப் போகணும் பெரியத்தான். அதுக்குத்தான் அவ்வளவு தூரத்திலேர்ந்து வராங்க."

"சாப்பிட்டுட்டுப் போகட்டும். நான் வேணாம்னேனா?"

அவ்வளவுதான், எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. "ஏழு வருஷமா அவங்க எல்லாருக்கும் நான்தான் ஆக்கிப் போட்டேன் பெரியத்தான். போதும். ஒரே ஒரு நாள் நான் முன்னாடி நடக்கணும். உங்க வீட்டு விருந்து என் பொழப்பைக் கெடுக்குது" என்று கத்தியேவிட்டேன். மூத்தாரிடம். நின்றுகொண்டு. ஓரகத்தி தலைத்துணியின் முனையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "டீ ஆறுது" என்றார்.

குடித்தேன். என்ன செய்வது, குடித்துத்தான் ஆக வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

குபாட் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியாகச் சொன்னது: "எங்கண்ணன் முன்னாடி நான்கூடக் குரலை உசத்தினதில்ல."

முடிவு பண்ணிவிட்டேன். நாளைக்கு வணக்கம் சொல்லிவிட்டு நிற்காமல் போகப்போகிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் கருமாதி எதற்கும் நான் போக முடியாது. குபாட் போவார், நான் இங்கே உட்கார்ந்திருப்பேன். நின்றேன் என்றால் அடுப்பு. இரண்டில் ஒன்று. வேறு ஊரில் ஒரு ஏரிக்குப் போவதற்கு இவ்வளவு பாடா படுவார்கள்?

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் நடக்க என்னால் முடியுமா என்பது வேறு விஷயம்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. அப்படியே விழுந்து தூங்கிவிட்டேன்.

காட்டைத் தாண்டி மேய்ச்சல்வெளிக்கு வந்தபோதுதான் வெளுத்தது. வணக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவில் திரும்பினால் கூடாரம் இல்லை. வட்டமாக வெளிறிய புல், நடுவில் கொஞ்சம் சாம்பல், அவ்வளவுதான். நாயும் இல்லை.

துர்சுனை அக்கா என்னைப் பார்த்தாள். விருந்தாளிகளுக்கு ஒன்றும் தெரியாது, புல்லைப் படம் எடுத்தார்கள். என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று கூடாரத்தையே பிரித்துக்கொண்டு போய்விட்டாரா? அவ்வளவு புண்படுத்திவிட்டேனா? பாறைச் சரிவில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் சொல்லிக்கொண்டே ஏறினேன், மனசு பூராவும் அந்த வட்டத்திலேயே கிடந்தது.

ஏரி பச்சையாக இருந்தது. ஓரத்தில் இன்னும் பனி. முகட்டில் ஒரு செக் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய பையை நான் போட்டுக்கொண்டு, மெதுவாக முன்னால் நடந்தேன். மேகம் கூடுவதற்கு முன்பே உச்சியில் நின்றோம். ஏழு வருஷம் கீழேயிருந்து பார்த்த இடம். துர்சுனை அக்கா அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள்: "சமையலுக்கு வேற ஆள் பாக்கணும் போல." நான் சிரித்திருக்க வேண்டும். அழுதேன்.

இறங்கும்போது மறுபடி அந்த வட்டத்தைத் தாண்டினோம். வீட்டுக்குப் போய்க் குபாட்டிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே காட்டை விட்டு வெளியே வந்தால், வனத்துறை வாசலுக்குப் பக்கத்தில், பாதையை விட்டுத் தள்ளி, புகை. கூடாரம். காலையில் இருட்டில் அந்த ஓரத்தை நான் பார்க்கவேயில்லை. வாசலில் மூத்தார் நல்ல தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். குபாட் ஆட்டுக்கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் காது சிவந்திருந்தது.

"உள்ள கூப்பிடும்மா" என்றார் மூத்தார். "நம்ம வாசலுக்கு இப்பதானே முதல் தடவையா வராங்க."

தலையை அந்தச் செக் பெண்ணுக்கே கொடுத்தார். நல்லா ஏறினியாமே, சாப்பிடு என்றார். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். ஆட்டின் காதில் ஒரு துண்டு கிள்ளி அவளுக்குக் கொடுத்துச் சமாளித்தேன். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

கறி பரிமாறும்போது ஓரகத்தி என் விலாவில் இடித்தாள். "நேத்திக்குப் பூராவும் பிரிச்சு, குதிரை குதிரையா ஏத்தி, இங்க வந்து மறுபடி கட்டி... என் இடுப்பு போச்சுடி. ஏன்னு கேட்டா, மேல புல் சரியில்லங்கறார். அந்த மனுஷன் கோடையில பாதியில கூடாரத்தைப் பிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

ஜூலை 20, ஞாயிறு

அடுத்த குழு புதன்கிழமை. கொரியாக்காரர்கள்.

மூத்தாரைப் பார்க்கப் போயிருந்தேன். கூடாரம் இன்னும் வனத்துறை வாசல் பக்கத்தில்தான் இருக்கிறது. மந்தை மட்டும் மறுபடி நடு மேய்ச்சல்வெளிக்கே போய் மேய்கிறது. தினமும் விடியலில் குதிரையேறிப் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேல இப்பப் புல் எப்படியிருக்கு பெரியத்தான்?" என்றேன்.

"இன்னும் சரியாகல" என்றார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "உன் குழுவெல்லாம் எப்ப முடியுது?" என்று கேட்டார்.

செப்டம்பரில் என்றேன்.

"செப்டம்பர்ல சரியாயிடும்" என்றார்.