காய்க்கு மட்டும் ஒரு வழி

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். பழனிசெட்டிபட்டி முழுக்கச் சேறு. பட்டறை வாசலில் வண்டி சறுக்கியது. விழவில்லை.

மெஷின் இன்று ஒரு வழியாக நான் சொன்னதைக் கேட்டது. ஏலக்காய் சரிவில் உருண்டு விழும்போது கேமரா படம் எடுக்கும். கம்ப்யூட்டர் பார்க்கும். வெடித்த காய் என்றால் காற்றுக் குழாய் ஊதி வெளியே தள்ளும். காய் கீழே விழுவதற்குள் இவ்வளவும் முடிய வேண்டும். படம் துளி பிந்தினாலும் நல்ல காய் பறக்கும், வெடித்தது சாக்குக்குள் போகும்.

இதுவரை பிந்தியது. படம் நெட்வொர்க் கார்டில் வந்து இறங்கும், பிறகு கம்ப்யூட்டருக்கு வரும் மற்ற எல்லாக் குப்பையோடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வரிசையில் நிற்கும். இப்போது கார்டுக்குள்ளேயே கேமராவுக்கென்று ஒரு தனி வரிசை. அதை என் புரோகிராம் நேராகப் படிக்கிறது. நடுவில் யாரும் இல்லை. கைதட்ட ஆளும் இல்லை.

முதலாளி (இனி மு., முழுதாக எழுதும் மரியாதை இன்று இல்லை) எட்டிப் பார்த்தார். "ஊதுதா? ஊதுதுல்ல. அப்புறம் என்னம்மா?" பாராட்டு முடிந்தது.

மு.வின் மச்சினன் பாண்டிக்கு விளக்கம் வேண்டுமாம். விசிட்டிங் கார்டில் மார்க்கெட்டிங் ஹெட். கையில் இரண்டு போன், மண்டையில் ஒன்றுமில்லை. கொஞ்சம் கேட்டுவிட்டு, "கோயில்ல ஸ்பெஷல் தரிசனம் மாதிரின்னு சொல்லுங்க மேடம்!" என்றார். என் உழைப்பு ஸ்பெஷல் தரிசனம் ஆயிற்று.

வெள்ளி, போடியில் ஜெபராஜ் அய்யா கிட்டங்கியில் (சாக்கு அடுக்கும் குடோன்) ஓட்டிக் காட்ட வேண்டும். பெரிய ஏலக்காய் வியாபாரி. அவர் சரி என்றால் இனி எல்லா மெஷினிலும் என் புரோகிராம். இல்லையென்றால் மு. வெளியூரிலிருந்து ரெடிமேட் கண்ட்ரோல் பெட்டி வாங்கிக்கொள்வார், எனக்கு இங்கே வேலை இல்லை. மறுபடி ஓசூர் கம்பெனி, ஹாஸ்டல், பாப்பா வீடியோ காலில். போன தடவை அவள் போன் திரையை நக்கினாள். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

வாங்க: பாப்பா ஷூ பாலிஷ் (கறுப்பு). கொசுவத்தி. அத்தைக்குத் தீபாவளிப் புடவை, எது எடுத்தாலும் பிடிக்காது.

அக்டோபர் 9, வியாழன்

வெயில், புழுக்கம். மெஷினை வேனில் ஏற்றியாயிற்று. பாண்டி முன்னால் போய் மாட்டி வைப்பார், நான் நாளை காலை.

இந்த ஆள் என்னைக் கேட்காமல் ஜெபராஜ் அய்யாவுக்கு ஓர் இலவசம் வாக்குக் கொடுத்திருக்கிறார். கிட்டங்கியின் காவல் கேமராக்களும் நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுமாம், அய்யா வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாமாம். தலையெழுத்து. சரி, அது பொது வரிசையில் மெதுவாக வந்தால் யாருக்கு நஷ்டம்.

செட்டிங் பக்கத்தைக் காட்டினேன். தனி வரிசைக் கட்டத்தில் மெஷின் கேமராவின் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது.

"கீழ காலியா இடம் கெடக்கே மேடம், அதுல?"

"முக்கியமானது எதாவது இருந்தா போடலாம். மத்ததெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது."

சிரித்தார். ஒரு போன் அடித்தது, பிறகு இன்னொன்று. சுவரோடு பேசியிருக்கலாம்.

பாலிஷ் மறந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

போடி. மழை.

மு. மெஷின் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஜெபராஜ் அய்யா கண்ணை மூடி நீளமாக ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன கையோடு மு. காலால் பழத்தை நசுக்கினார். இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று, இனி யார் தடுக்க முடியும் என்று மு. முகத்தில் ஒரு தெம்பு.

ஓடவிட்டேன். நாசம். பச்சைப் பசேலென்ற காய் வெட்டுக்கிளி போலப் பறக்கிறது. வெடித்த காய் ஒய்யாரமாகச் சாக்குக்குள் போய் உட்காருகிறது. பட்டறையில் ஒரு காய்கூடத் தப்பாகப் போகவில்லை.

அய்யா சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளினார், பார்த்தார், தரையில் வீசினார். ஏலத்தில் சாம்பிளை இப்படித்தான் வீசுவார்கள், யாரும் தப்பாக எடுப்பதில்லை. எனக்கு மூஞ்சியில் வீசியது போல இருந்தது.

"என் வீட்டுப் பொம்பளையாளுக கண்ண மூடிக்கிட்டுப் பொறுக்குனாக்கூட இதவிட நல்லாப் பொறுக்குவாக." பிறகு போனைப் பார்த்தார். "ஏலே பாண்டி, என் கேமராவும் ஒரே இருட்டா இருக்கு."

மு. கையைக் கட்டிக்கொண்டு திங்கள் வரை தவணை வாங்கினார். கூன் போட்ட முதுகு.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் கேட்டார், "அந்த ஓசூர் ஹாஸ்டல் அக்கா நம்பர் இருக்கா?" ஆறுதலாகத்தான் கேட்டார். அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

காரணம் கிடைத்தது. மெஷின் எழுதி வைத்ததைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் ஒரே வரி. 'தெரியாத பாக்கெட்'. நெட்வொர்க்கில் வரும் தகவல் துண்டுக்கு அந்தப் பேர்.

காலி இடத்தில் ஜெபராஜ் அய்யாவின் கேமரா நம்பர்கள் அத்தனையும். பாண்டியின் திருப்பணி. அந்த வரிசையைப் படிப்பது என் புரோகிராம் மட்டும். அதற்குக் காயைத் தவிர எதுவும் தெரியாது. அய்யாவின் கிட்டங்கிப் படம் வர வர, இது யார் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டது. எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் காய் விழுந்துவிட்டது. அப்படி எழுதச் சொல்லி வைத்த புத்திசாலி நான்.

மு.விடம் சொன்னேன். லேத் ஆட்கள் எல்லாரும் பார்க்கப் பாண்டியை நிற்க வைத்துக் கேட்டார். "எவன்லே ஒன்ன அதத் தொடச் சொன்னது?"

"மச்சான், அய்யா படத்தப் பொது வரிசையில நிப்பாட்டலாமா? தெரிஞ்சா என்ன நெனப்பாக? முக்கியமானதத்தான் மேடம் போடச் சொன்னாக. அய்யாவ விட முக்கியமானது அங்கன என்ன இருக்கு?"

"கூமுட்டை! வெறும் கூமுட்டை!" சோறு போடுவது வரைக்கும் போனது பேச்சு. பாண்டியின் அக்கா முகத்துக்காகத்தான் வைத்திருக்கிறாராம்.

பாண்டி என்னைப் பார்த்தார். நான் அப்படித்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அசிங்கமாக இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

மேக மூடாக்கு. கறிக்கடையில் கூட்டம். பாப்பாவுக்குச் சளி.

உட்கார்ந்து மாற்றியது: தனி வரிசைக் கட்டத்தில் இனி ஒரே இடம். தெரியாதது வந்தால் எழுதாமல் தூக்கிப் போடும்.

பாண்டி ஒரு முட்டாள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நேற்றுக் கேட்டாரே, அய்யாவை விட முக்கியமானது என்ன என்று. அதற்குப் பதிலை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மதியம் தூங்க முடியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

விடியவே போடி பஸ். மு. பின்னால் காரில். பாண்டி எனக்கு முன் சீட்டில், திரும்பவே இல்லை. கோடாங்கிபட்டி தாண்டி நானே கூப்பிட்டேன்.

"பாண்டி, அந்த வரிசை பெரியாளுக்கு இல்லை. காத்திருந்தா கெட்டுப்போறதுக்கு. அய்யா படம் கொஞ்சம் லேட்டா வந்தாலும் அதே படந்தான். காய் விழுந்துட்டா விழுந்ததுதான்."

இப்போதுதான் திரும்பினார். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

கிட்டங்கி. மறுபடி எலுமிச்சை, மறுபடி ஜெபம். ஓடவிட்டேன். வெடித்தது பறந்தது, பச்சை சாக்குக்குப் போனது, சாக்கு நிறையும் வரை. அய்யா ஒரு பிடி அள்ளினார். பார்த்தார். தரையில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு போனைப் பார்த்தார். "என் படம் நின்னு நின்னு வருதே. அதையும் அந்த ஸ்பெஷல்ல போட்டு விடுங்க."

"போட்டுருவோம்யா, அதுக்கென்ன," என்றார் மு. இந்த மனிதருக்கு முதுகெலும்பு எங்கேதான் இருக்கிறதோ. நான் வாயைத் திறக்கும் முன்னால் பாண்டி நடுவில் வந்தார்.

"வேணாம்யா. அது காய்க்கு மட்டும் உள்ள வழி. நீங்க உள்ள போனீகன்னா காய் வெளிய நிக்கணும். நீங்க நிக்கலாம், காய் நிக்காது."

மு.வுக்கு வேர்த்துவிட்டது. அய்யா பாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரிதான். மெஷின் இருக்கட்டும். இத யாரு யோசிச்சது?"

பாண்டி என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான்யா," என்றார்.

லேத் ஆட்கள் முன்னால் நான் குனிந்தது நினைவுக்கு வந்தது. இன்றும் வாயைத் திறக்கவில்லை.

நாளை பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான். நாளை மறுநாளும் நான்தான். பாலிஷ் இன்றும் வாங்கவில்லை.